சத்தமுள்ள வேலையும் காதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழிற்கூடங்களில் காது பரிசோதனை செய்யும்போதும் பாதுகாப்பு வகுப்பு எடுக்கும்போதும் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே தொகுத்திருக்கிறேன். தறி, பிரஸ், கிரைண்டர், கம்ப்ரசர், ஜெனரேட்டர் என எதன் பக்கத்தில் நின்றாலும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்.

சத்தத்துல வேலை பார்த்தா நிஜமாவே காது போயிடுமா, இல்ல சும்மா பயமுறுத்துறீங்களா?

போகும். இது நேற்றுக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. செம்பைத் தட்டிப் பாத்திரம் செய்யும் வெனிஸ் நகரத் தொழிலாளர்களுக்குக் காது மந்தமாகி, வயதான காலத்தில் அடியோடு கேட்காமல் போவதை இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி எழுதிவைத்திருக்கிறார். அந்த நூலின் பதிப்பு 1713-இல் வந்தது. 1886-இல் கிளாஸ்கோ நகரத்துக் காது மருத்துவர் தாமஸ் பார், கொதிகலன் செய்யும் தொழிலாளர்கள் 100 பேரைச் சோதித்துப் பார்த்தார். அதில் ஒருவருக்குக்கூடச் செவித்திறன் சரியாக இல்லை.

வலி இல்லை, ரத்தம் இல்லை, ஒரே நாளில் நடப்பதும் இல்லை. அதனால்தான் நம்பிக்கை வர மாட்டேன் என்கிறது.

எவ்வளவு சத்தம் வரைக்கும் தாங்கலாம்?

பரவலாகச் சொல்லப்படும் எல்லை, ஒரு நாளில் 8 மணி நேரத்துக்குச் சராசரியாக 85 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு). அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் இருக்கக்கூடிய நேரம் பாதியாகிவிடும். 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2 மணி நேரம், 94 என்றால் 1 மணி நேரம், 100 என்றால் வெறும் 15 நிமிடம். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1998-இல் வெளியிட்ட பரிந்துரை இது.

ஆனால் 85 வரை யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று நினைக்கக் கூடாது. 40 வருடம் 85 டெசிபலில் வேலை செய்பவர்களில் நூற்றுக்குச் சுமார் 8 பேருக்குச் சத்தத்தால் செவித்திறன் குறையும், 90 டெசிபலில் அது சுமார் 25 பேர் என்பது அதே நிறுவனத்தின் கணிப்பு. சட்டங்கள் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்கச் சட்டத்தின் 8 மணி நேர வரம்பு இன்னும் 90-தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003 விதிப்படி 80-லேயே நடவடிக்கை ஆரம்பிக்க வேண்டும்; பிளக் போன்ற காதுக்காப்பு சத்தத்தைக் குறைப்பதையும் கணக்கில் எடுத்த பிறகு 87-ஐத் தாண்டவே கூடாது. சட்டம் 90 வரை விடுகிறது என்பதற்காகக் காதும் 90 வரை தாங்கிக்கொள்ளாது.

எங்க இடத்துல மீட்டர் எதுவும் கிடையாது. அதிகமா இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருக்கிறது என்றால், அங்கே பெரும்பாலும் 85-க்கு மேல் இருக்கும். காதருகே போய்க் கத்த வேண்டியிருந்தால் அதற்கும் மேலே. ஷிப்ட் முடிந்து வெளியே வந்ததும் காது அடைத்த மாதிரி இருப்பது, உள்ளே 'கொய்ங்' என்று இரைவது, வீட்டில் டிவி சத்தத்தை மற்றவர்கள் குறைக்கச் சொல்வது, இவையும் அடையாளங்கள்தான்.

மொபைல் செயலிகள் தோராயமாக உதவும். நியோஷே ஐபோனுக்கு இலவசச் செயலி ஒன்று வைத்திருக்கிறது. நிர்வாகத்திடம் பேச்சைத் தொடங்க அது போதும். அதை வைத்து "84 காட்டுது, பிரச்சினை இல்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. முறையாக அளக்க, நாள் முழுக்கத் தோளில் மாட்டிக்கொள்ளும் டோசிமீட்டர் என்ற சத்தமானி வேண்டும்.

என் மெஷின் 90, பக்கத்து மெஷினும் 90. அப்போ மொத்தம் 180-ஆ?

இல்லை, 93. டெசிபலைச் சாதாரணக் கூட்டலில் கூட்ட முடியாது. ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கானால் 3 டெசிபல் கூடும். பத்து மடங்கானால் 10 கூடும். மேலே சொன்ன நேரக் கணக்கில் 3 டெசிபலுக்கு நேரம் பாதியாவதும் இதனால்தான். 93-க்கும் 90-க்கும் உள்ள வித்தியாசத்தைக் காது பெரிதாக உணராது, ஆனால் உள்ளே இறங்கும் ஆற்றல் இரட்டிப்பு.

இன்னொன்றையும் கவனியுங்கள். 100 டெசிபல் மெஷினும் 90 டெசிபல் மெஷினும் அருகருகே ஓடினால் மொத்தம் 100-க்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். 90-ஐ நிறுத்தி எந்தப் பயனும் இல்லை. அதிகச் சத்தம் போடுவதை முதலில் சரிசெய்ய வேண்டும்.

காதுக்குள்ள அப்படி என்னதான் நடக்குது?

உட்காதில் நத்தை ஓடு மாதிரிச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிர்ச்செல்கள். ஒலி அலையில் இவை அசைந்து, அந்த அசைவு நரம்புச் செய்தியாகி மூளைக்குப் போகிறது. அதிகச் சத்தத்தில் இவை அளவுக்கு மீறி வேலை செய்து களைத்து, கடைசியில் செத்துப்போகின்றன. பறவைகளுக்கு இந்தச் செல்கள் மறுபடி முளைக்கும். மனிதர்களுக்கு முளைப்பதில்லை.

சம்மட்டி அடி, நெயில் கன் எல்லாம் ஒரு நொடிச் சத்தம்தானே?

அந்த ஒரு நொடிதான் சிக்கல். பெரிய சத்தம் வந்தால் நடுக்காதில் ஒரு குட்டித் தசை இறுகிக் கொஞ்சம் தடுக்கும். ஆனால் திடீர் அடி உள்ளே போய் முடிந்த பிறகுதான் அது இறுகவே ஆரம்பிக்கும். இத்தகைய சத்தத்தின் உச்சம் 140 டெசிபலைத் தாண்டினால் ஒரே முறையில்கூட நிரந்தரச் சேதம் ஆகலாம். அங்கே நேரக் கணக்கு பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ராத்திரி காது அடைச்ச மாதிரி இருக்கும், காலையில சரியாயிடும். அப்போ பரவாயில்லதானே?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். களைத்த செல்கள் ஓய்வில் தேறுவது உண்மை. ஆனால் தினமும் களைத்துத் தினமும் தேற வேண்டியிருந்தால், ஒரு கட்டத்தில் சில செல்கள் தேறாமலே போகும். அந்த 'ராத்திரி அடைப்பு' அன்றைக்குச் சத்தம் எல்லை மீறியது என்பதற்கான சாட்சி.

2009-இல் குஜாவா, லிபர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் எலிகளில் ஒன்றைக் காட்டினார்கள். பரிசோதனையில் செவித்திறன் முழுதாகத் திரும்பிவிட்டது, மயிர்ச்செல்களும் பிழைத்திருந்தன. ஆனால் செல்லையும் நரம்பையும் இணைக்கும் முனைகளில் கணிசமான பகுதி அழிந்திருந்தது. மனிதர்களில் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்ற ஆய்வு இன்னும் நடக்கிறது. 'காலையில் சரியாகிவிட்டது' என்பதை முன்போல நம்ப முடியவில்லை என்பது மட்டும் தெளிவு.

எனக்கு இந்தச் சத்தம் பழகிடுச்சு. முன்ன மாதிரி தொந்தரவே இல்ல.

இது கேள்வி இல்லை, ஆனாலும் அதிகமாகக் கேட்பது இதைத்தான். மனசு பழகலாம். காது பழகாது. முதல் மாதம் தலைவலி கொடுத்த சத்தம் இன்று சாதாரணமாகத் தெரிந்தால், ஒரு பகுதி ஏற்கெனவே கேட்காமல் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. உடனே ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

சத்தம் நல்லா கேட்குது, பேசுறதுதான் புரியல. இது காதுப் பிரச்சினையா, கவனக்குறைவா?

காதுப் பிரச்சினைதான், அதுவும் சத்தத்தால் வரும் குறையின் அச்சு அசலான அடையாளம். பேச்சில் 'ஆ', 'ஓ' போன்ற உயிரொலிகள் கனமானவை, தாழ்ந்த சுருதியில் இருப்பவை; அவைதான் சத்தத்தைத் தருகின்றன. 'ச', 'த', 'ப', 'ட' போன்றவற்றை வேறுபடுத்திக் காட்டும் மெல்லிய கீற்றொலிகள் உயர்ந்த சுருதியில் இருக்கின்றன. சத்தம் முதலில் தின்பது இந்த மேல் சுருதியைத்தான். 'பத்து', 'பட்டு', 'சட்டு' எல்லாம் ஒன்றாகக் கேட்கும். எதிரில் இருப்பவர் வாயைப் பார்த்தால் புரியும், ஃபோனில் புரியாது. ஒருவரோடு தனியாகப் பேசினால் புரியும், கல்யாணக் கூட்டத்தில் புரியாது.

இந்த மாதிரி ஆட்களை வீட்டில் 'வேணும்னே காதுல வாங்கிக்க மாட்டேங்கிறார்' என்று திட்டுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அது அநியாயம்.

டெஸ்ட் பேப்பர்ல 4000 கிட்ட ஒரு குழி இருக்குன்னு சொன்னாங்க. அப்படின்னா?

அந்தப் படத்துக்கு ஆடியோகிராம் என்று பெயர். இடமிருந்து வலமாகச் சுருதி (ஹெர்ட்ஸ் என்ற அலகில்) கூடும், மேலிருந்து கீழாகக் கேட்கத் தேவைப்படும் சத்தம் கூடும். கோடு கீழே போகப் போகச் செவித்திறன் குறைவு. தொழிற்சத்தம் வழக்கமாக 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரை, குறிப்பாக 4000 அருகே, ஒரு பள்ளம் தோண்டும். 8000-இல் கோடு மறுபடி ஏறும். காதுக் குழாய் தன் நீளத்தாலேயே சுமார் 3000 ஹெர்ட்ஸ் ஒலியைப் பெரிதாக்கி உள்ளே அனுப்புவதால், அடி அதற்குச் சற்று மேலே விழுகிறது.

பரிசோதனைக்கு முன் குறைந்தது 14 மணி நேரம் பெரிய சத்தத்தில் இருக்கக் கூடாது. ஷிப்டின் நடுவில் கூப்பிட்டு எடுத்தால், மேலே சொன்ன தற்காலிக அடைப்பும் சேர்ந்து பதிவாகும். வேலையில் சேரும்போது ஒன்று, அப்புறம் வருடத்துக்கு ஒன்று என்பது நல்ல வழக்கம். ஒவ்வொன்றின் நகலையும் கேட்டு வாங்கி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பேப்பரைத் தனியாகப் பார்ப்பதைவிட, பழையதோடு ஒப்பிடும்போதுதான் விஷயம் தெரியும். 2000, 3000, 4000 ஆகிய மூன்றின் சராசரி முதல் பரிசோதனையைவிட 10 டெசிபல் இறங்கியிருந்தால் அமெரிக்க விதிகளில் அதுவே எச்சரிக்கை மணி.

வயசானா எல்லாருக்கும்தானே காது மந்தமாகும்?

ஆகும். ஆனால் வயதால் வரும் குறையில் 8000-தான் மிக மோசமாக இருக்கும்; கோடு சரிவாக இறங்கிக்கொண்டே போகும், திரும்ப ஏறாது. சத்தத்தால் வந்தால் மேலே சொன்ன பள்ளம். வயது ஐம்பதைத் தாண்டிய பிறகு இரண்டும் கலந்து பள்ளம் மறைந்துவிடுவதால் பிரித்துச் சொல்வது கஷ்டம். இளம் வயது பேப்பரின் மதிப்பு அப்போதுதான் தெரியும்.

மருந்து, சொட்டு மருந்து, ஆபரேஷன் எதுவும் இல்லையா?

செத்த மயிர்ச்செல்லைத் திரும்பக் கொண்டுவரும் மருந்து இன்றைக்கு இல்லை. காதில் அழுக்கு அடைத்திருந்தாலோ, சீழ் வடிந்தாலோ, செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ அவற்றுக்கு வைத்தியம் உண்டு. அதனால் மருத்துவரைப் பார்ப்பது வீண் இல்லை. எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

காது மெஷின் வெச்சா பழைய மாதிரி ஆயிடுமா? அதைப் போட்டுக்கிட்டே வேலை பார்க்கலாமா?

பழைய மாதிரி ஆகாது, ஆனால் உதவும். நன்றாகச் சரிசெய்யப்பட்ட கருவி, இழந்த சுருதிகளை மட்டும் உயர்த்தித் தரும். இந்த வகைக் குறையில் மெல்லிய ஒலி கேட்காது, பெரிய ஒலியோ சட்டென்று தாங்க முடியாததாகிவிடும். அந்த இடைவெளிக்குள் கருவியைப் பொருத்துவது செவித்திறன் நிபுணரான ஆடியாலஜிஸ்டின் திறமை. கண்ட இடத்தில் வாங்கி மாட்டினால் இரைச்சல்தான் மிஞ்சும்.

சத்தமான இடத்தில் அதை ஆன் செய்து வைத்தால் சத்தத்தைப் பெருக்கி உள்ளே அனுப்பும். ஆஃப் செய்துவிட்டால் காதுக்காப்பு ஆகிவிடும் என்பதும் தவறு.

காதுல பஞ்சு வெச்சிக்கிட்டா போதாதா?

போதாது. சாதாரணப் பஞ்சு குறைப்பது மிகக் கொஞ்சம். வைத்திருக்கிறோம் என்ற நிம்மதியைத்தான் அதிகம் தருகிறது.

இயர் பிளக் போட்டும் சத்தம் அப்படியேதான் கேட்குது. மட்டமான பிளக்கா?

பெரும்பாலும் பிளக்கில் குறை இல்லை, போட்ட விதத்தில்தான். ஃபோம் பிளக்கைச் சுத்தமான விரல்களால் மடிப்பு விழாமல் மெல்லிய குச்சியாக உருட்டுங்கள். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். அந்தக் கோணத்தில்தான் குழாய் நேராகும். உள்ளே விட்டு, அது உப்பி முடியும்வரை 20, 30 நொடி விரலால் பிடித்திருங்கள். பிளக்கில் பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது வேலை செய்யவில்லை.

சோதிக்கும் வழி: பிளக் போட்டபடி சத்தத்தில் நின்று, இரண்டு உள்ளங்கைகளாலும் காதை மூடித் திறந்து பாருங்கள். மூடும்போது சத்தம் பெரிதாகக் குறைந்தால் பிளக் சரியாக உட்காரவில்லை. காதை வெளியிலிருந்து முழுதாக மூடும் இயர் மஃப் என்றால் கண்ணாடிக் காம்பும் தலைமுடியும் இடுக்கில் மாட்டாமல் இருக்க வேண்டும்.

நாள் முழுக்கப் போட்டிருக்கேன், பேசும்போது மட்டும் கழட்டுவேன். அது பரவாயில்லையா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 டெசிபல் குறைக்கும் காப்பை 8 மணி நேரத்தில் வெறும் அரை மணி நேரம் கழற்றினால், அன்றைய மொத்தப் பாதுகாப்பு சுமார் 12 டெசிபலாகச் சுருங்கிவிடும். முதலில் சொன்ன 3 டெசிபல் விதியிலிருந்தே இது வருகிறது: காப்பில்லாத அந்த அரை மணி நேரத்தில் போகும் ஆற்றல் மற்ற ஏழரை மணி நேரத்தையும் விழுங்கிவிடுகிறது. அதனால் கழற்றத் தோன்றாத காப்புதான் நல்ல காப்பு. அட்டையில் பெரிய எண் போட்டு, காதை வலிக்கவைக்கும் பிளக்கைவிட, எண் சிறியதானாலும் நாள் முழுக்க இருக்கும் பிளக்கைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

பாக்கெட்ல 33 டெசிபல் குறைக்கும்னு போட்டிருக்கு. எங்க இடம் 100. அப்போ 67-தானே வரும்?

அந்த 33 ஆய்வகத்தில் நிபுணர்கள் பார்த்துப் பார்த்துப் போட்டு அளந்தது. களத்தில் அவ்வளவு வராது. அமெரிக்காவில் பழகிவரும் ஒரு கணக்கு, அட்டை எண்ணில் 7-ஐக் கழித்து மீதியைப் பாதியாக்குவது. 33-7=26, பாதி 13. ஆக காதுக்குள் 87 என்று எடுத்துக்கொள்வதே பத்திரம். 100-ஐத் தாண்டிய இடத்தில் பிளக்கும் மஃப்பும் சேர்த்துப் போடலாம். ஆனால் இரண்டின் எண்ணையும் கூட்டாதீர்கள். பெரியதற்கு மேல் இன்னொரு 5 டெசிபல் கிடைத்தால் அதிகம்.

காதை அடைச்சிட்டா ஃபோர்க்லிஃப்ட் ஹாரன் கேட்காம அடிபட மாட்டோமா?

நியாயமான பயம். காப்பு அளவுக்கு அதிகமாகக் குறைத்தாலும் தவறுதான். காதுக்குள் 70-க்குக் கீழே போனால் தனித்துவிடப்பட்ட உணர்வு வரும், எச்சரிக்கை ஒலியும் தவறிப்போகும். 75, 80 அளவில் நிறுத்தும் காப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 90 டெசிபல் இடத்துக்கு மிகக் கனமான மஃப் தேவையில்லை. எல்லாச் சுருதியையும் ஒரே சீராகக் குறைக்கும் பிளக்குகளும், பேச்சைக் கடத்தித் திடீர்ப் பெருஞ்சத்தத்தை மட்டும் தடுக்கும் எலக்ட்ரானிக் மஃப்களும் கிடைக்கின்றன. ஏற்கெனவே காது மந்தமானவர்களுக்கு ஹாரனோடு சுழல் விளக்கும் வைப்பது நிர்வாகத்தின் வேலை.

கம்பெனி பிளக் குடுத்தாச்சு. அவங்க கடமை முடிஞ்சுதா?

முடியவில்லை. பிளக் கடைசி வழி. சத்தம் பிறக்கும் இடத்தில் அதைக் குறைப்பதுதான் முதல் வழி, அது பலர் நினைக்கும் அளவுக்குச் செலவு பிடிப்பதும் இல்லை. கழன்று ஆடும் தகட்டை இறுக்குவது, தேய்ந்த பேரிங்கை மாற்றுவது, உலோகம் விழும் தொட்டிக்குள் ரப்பர் விரிப்பது, விழும் உயரத்தைக் குறைப்பது, அதிரும் மெஷினுக்கு அடியில் அதிர்வு தாங்கி வைப்பது, இவையெல்லாம் பராமரிப்புப் பிரிவே செய்யக்கூடியவை.

காற்றடித்துச் சுத்தம் செய்யும் குழாயைத் தனியாகச் சொல்ல வேண்டும். பீறிட்டு வரும் காற்றின் சத்தம் அதன் வேகத்தின் எட்டாவது அடுக்கோடு கூடும். அதாவது அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்தாலே, அல்லது சத்தம் குறைக்கும் முனையை மாட்டினாலே, பெரிய மாற்றம் தெரியும். அப்புறம் மெஷினுக்குக் கூண்டு, இயக்குபவருக்குத் தனி அறை, ஆட்களைச் சுழற்சியில் மாற்றுவது. கூண்டில் ஒரு கதவு திறந்தே கிடந்தால் பாதிப் பயன்கூட இல்லை என்பதையும் சூப்பர்வைசரிடம் சொல்லிவையுங்கள்.

அந்தச் சத்தத்துக்கு ஹெட்ஃபோன்ல பாட்டு கேட்டா நல்லதுதானே?

வெளிச்சத்தத்தை மீறிக் கேட்க, பாட்டை அதற்கு மேல் வைக்க வேண்டியிருக்கும். இரண்டு சத்தமும் காதுக்குள் சேரும். ஆற்றலுக்கு இசை, இரைச்சல் என்ற பேதம் கிடையாது.

நான் பெயிண்ட் செக்‌ஷன். எங்ககிட்ட சத்தம் கம்மிதான், ஆனா எனக்கும் காது மந்தமா இருக்கே?

டொலுவீன், ஸ்டைரீன், சைலீன் போன்ற கரைப்பான்களும், ஈயமும், கார்பன் மோனாக்சைடும் உட்காதையும் கேட்கும் நரம்பையும் தாக்கக்கூடியவை. சத்தமும் சேர்ந்தால் சேதம் இன்னும் அதிகம். ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிகள், சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. எந்த ரசாயனத்தோடு வேலை செய்கிறீர்கள், என்ன மருந்து எடுத்தீர்கள் என்பதைப் பரிசோதிப்பவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். கேட்க மறந்துவிடுவார்கள்.

நான் கர்ப்பமா இருக்கேன். மஃப் போட்டா குழந்தைக்கும் சேர்த்துப் பாதுகாப்புதானே?

இல்லை. மஃப் உங்கள் காதை மட்டும்தான் மூடுகிறது. தாழ்ந்த சுருதிச் சத்தமும் அதிர்வும் உடல் வழியாகக் கருப்பைக்குள் போகும். கருவின் காது ஏறத்தாழ ஐந்தாம் மாதத்திலிருந்து ஒலிக்கு வேலை செய்யத் தொடங்குகிறது. நீங்கள் காப்புப் போட்டிருந்தாலும் 115 டெசிபலைத் தாண்டிய இடத்தில் இருக்க வேண்டாம் என்று நியோஷ் சொல்கிறது. அதற்குக் கீழேயும், அதிரும் மெஷின்மேல் சாய்ந்து நிற்காமல், முடிந்தவரை தள்ளி வேலை கேளுங்கள்.

ஏற்கெனவே பாதி போயிடுச்சு. இனிமே போட்டு என்ன ஆகப்போகுது?

சத்தத்தால் வரும் குறை, சத்தம் நின்றால் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். நிற்காவிட்டால் 4000-இல் இருக்கும் பள்ளம் அகலமாகி 3000, 2000 என்று பேச்சுப் புரியும் பகுதிக்குள் வரும். முதல் பாதி போனபோது பெரிதாகத் தெரிந்திருக்காது. அடுத்த பங்கு போனால்தான் ஃபோன், கூட்டம், பேரப்பிள்ளையின் பேச்சு எல்லாம் கைவிட்டுப் போகும். உங்களிடம் இழக்க இன்னும் நிறைய இருக்கிறது.

ஒரு காது மட்டும் திடீர்னு கேட்கல. இதுவும் மெஷின் சத்தம்தானா?

அப்படி முடிவு செய்துவிட்டு இருந்துவிடாதீர்கள். தொழிற்சத்தம் வழக்கமாக இரண்டு காதையும் ஏறத்தாழச் சமமாகவும் மெதுவாகவும் பாதிக்கும். துப்பாக்கி சுடுபவர்களைப் போல ஒரு பக்கம் மட்டும் சத்தம் படுபவர்கள் விதிவிலக்கு. ஒரு காதில் மட்டும் குறைவு, ஒரு காதில் மட்டும் இரைச்சல், கூடவே தலைசுற்றல் என்றால் நரம்பில் கட்டி போன்ற வேறு காரணங்களைப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஒரே நாளில் அல்லது இரண்டு மூன்று நாளில் ஒரு காது அடங்கிப்போனால் அது அவசரம். ஸ்டீராய்டு சிகிச்சை சீக்கிரம் ஆரம்பித்தால்தான் பலன் கிடைக்க வாய்ப்பு. முதல் இரண்டு வாரங்களுக்குள், அதிலும் எவ்வளவு முன்னாலோ அவ்வளவு நல்லது. கம்பெனியின் அடுத்த டெஸ்ட் தேதிக்குக் காத்திருக்காமல், அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள்.